டிரெய்லருக்கு அடியில்

"வந்துட்டான்யா வேடிக்கை பார்க்க!"

டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த லோவெல் முணுமுணுத்துப் பல்லைக் கடித்தார். பக்கத்து டிரெய்லர் ராய்ஸின் பூட்ஸ் மணலில் வந்து நின்றது. கூடவே ஒரு மடக்கு நாற்காலி விரிந்தது. பியர் டப்பா திறக்கும் சத்தமும் கேட்டது.

சக்கர வீடுகளான டிரெய்லர்களை நிறுத்திக் குடியிருக்கும் அரிசோனாவின் அந்தப் பூங்காவில் இது வழக்கம்தான். ஒருத்தர் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினாலும் சரி, கழிவுக் குழாயோடு மல்லுக்கட்டினாலும் சரி, பக்கத்தில் இருப்பவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் இவன் வரலாமா?

லோவெலின் கக்கூஸ் கழிவுத் தொட்டி ஒழுகுகிறது என்று ஆபீசில் போட்டுக்கொடுத்ததே இவன்தானே!

காலையில் மேனேஜர் ஜோலீன் வந்து நின்றாள். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடுங்க லோவெல். இல்லேன்னா நாளைக்கு இடத்தைக் காலி பண்ணணும். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

காலி செய்துவிட்டு எங்கே போவது? நெப்ராஸ்கா வீட்டை விற்றுத்தான் இந்த டிரெய்லரே வாங்கியது. அதுகூடப் பரவாயில்லை. மனைவி ஆர்டிஸுக்கு இந்தக் குளிர்காலத்தில் ஞாபகம் பிசக ஆரம்பித்திருந்தது. அடுப்பை மறந்தாள். மகள் பெயரை மறந்தாள். ஆனால் இந்தப் பூங்காவுக்குள் எங்கே நடக்கப் போனாலும் தானாக வீடு வந்து சேர்ந்துவிடுவாள். புது இடம் என்றால் தொலைந்தே போவாள்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி, ஊர் வாய்க்கு அவலாக வேண்டுமா?

தொட்டியைக் காலி செய்து கழுவிவிட்டு, துருப்பிடித்த போல்ட்டுகளோடு போராடி, கழிவை வெளியே விடும் பழைய வால்வை உருவினார். தொட்டியின் வாய் அவர் முகத்துக்கு நேராகத் திறந்திருந்தது.

"என்ன லோவெல், உயிரோட இருக்கியா?"

"வாய மூடு ராய்ஸ்."

"வால்வத் திறந்தே போட்டா இப்படித்தான். தண்ணி ஓடிடும், கெட்டியானதெல்லாம் தங்கி ரப்பர்ல ஒட்டிக்கும். போன வருஷமே சொன்னேன்ல?"

சொன்னான். நாலு பேர் கேட்கும்படி சொன்னான். அந்தக் கோபத்தில்தான் லோவெல் இதுவரை வால்வை மூடாமலே வைத்திருந்தார்.

"லோவெல் எங்க?" ஆர்டிஸின் குரல்.

"கீழ தங்கம் தோண்டுறான். கிடைச்சா நமக்கும் பங்கு உண்டு. வாங்க ஆர்டிஸ், ஒரு நடை போயிட்டு வருவோம்."

அவள் சிரித்தாள். அவளுடைய நீலச் செருப்பும் அவனுடைய பூட்ஸும் சேர்ந்து நடந்து போயின. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தன. மறுபடி சிரிப்பு. மறுபடி நடை.

புது வால்வின் ரப்பர் வளையம் நழுவி மணலில் விழுந்தது. எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பப் பொருத்தினார். மேலே மறுபடியும் சிரிப்பு.

'நான் இங்கே மலத்தொட்டிக்கு அடியில் கிடக்கிறேன். இவன் என் பொண்டாட்டியோட உலாத்துறான்!'

கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு வெளியே தவழ்ந்து வந்தார். தொட்டியில் தண்ணீர் விட்டு, ஜோலீனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"அப்பாடா, இருங்க. எங்கயும் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

லோவெல் நேரே ராய்ஸின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

"நல்லா சிரிச்சியா? போட்டுக்கொடுத்ததும் நீ. வேடிக்கை பார்த்ததும் நீ!"

"ஆமா, போட்டுக்கொடுத்தேன். நாத்தம் குடலைப் புடுங்குச்சு. இன்னொரு தடவை ஒழுகினாலும் போய்ச் சொல்லுவேன். சொல்லாட்டி நீ கையில ஸ்பேனர் எடுத்திருப்பியா?"

"எதுக்கு இங்க உக்காந்திருந்த?"

ராய்ஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தான்.

"வால்வு பூட்டியாச்சில்ல? இனிமே ஆர்டிஸ் உள்ள கக்கூசுக்குப் போகலாம். காலையிலேர்ந்து போகணும் போகணும்னு எழுந்திரிச்சுக்கிட்டே இருந்தாங்க. தொட்டிக்குத் தள்ளிவிடுற மிதியை ஒரு தடவை மிதிச்சிருந்தா எல்லாம் உன் மூஞ்சியிலதான் விழுந்திருக்கும். அதான் பேசிப் பேசி பொதுக் கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன்."

லோவெல் டிரெய்லர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள போகாதேன்னு காலையிலயே அவகிட்ட சொல்லியிருந்தேனே."

"சொல்லியிருப்ப. அவங்களுக்கு ஞாபகம் இருக்கணும்ல?"

லோவெலின் முகம் இறுகியது. "அப்படி ஒண்ணும் இல்ல. அவளுக்கு இந்த இடம் பூரா அத்துப்படி. எங்க போனாலும் தனியா வீட்டுக்கு வந்துடுவா."

ராய்ஸ் பியர் டப்பாவை நசுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"தனியா ஒரு நாள்கூட வந்ததில்ல லோவெல். வழி தெரியாம நிக்கிறப்ப நம்ம வரிசையில யாராவது ஒருத்தர் கூட்டிட்டு வந்து, உன் கண்ணுல படாம முக்குல விட்டுட்டுப் போறோம்."