ஐம்பது குதிரை

“ஐம்பது குதிரை கட்டி வெச்சிருக்கீங்க சாப். பதினஞ்சுதான் ஓடுது. மீதியை அவுத்து வுட்டுடுங்க.”

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக இதே பாட்டைப் பாடிக் கோதண்டபாணிக்குத் தொண்டை வறண்டுவிட்டது. குதிரை என்றால் லாயத்துக் குதிரை இல்லை. மக்பூல் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்புக்கு மின்சாரக் கம்பெனி ஒதுக்கியிருந்த ஐம்பது குதிரைச் சக்தி.

ஆம்பூருக்குக் கரண்ட் வந்து இரண்டே வருஷம். மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார்கள் என்று மீட்டரில் ஒரு முள் காட்டும். சாயபுவின் முள் ஆறு மாதமாகப் பதினைந்தைத் தாண்டவில்லை. இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஐம்பதுக்கும் வாடகை கட்டியாக வேண்டும். கம்பெனிக்காரனே தேடி வந்து செலவைக் குறை என்கிறான், இந்த மனிதர் மாட்டேன் என்கிறார். உலகத்தில் இப்படியும் உண்டா!

அடுத்த கொட்டகையில் தோலைப் போட்டுப் புரட்டும் இரண்டு பெரிய மர டிரம்களும் விடிந்ததிலிருந்து கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஊரில் பாதி ஷாப்புகள் வியாபாரமில்லாமல் படுத்துக் கிடக்க, அந்தச் சத்தம் கேட்கத் தெம்பாகத்தான் இருந்தது. எந்த ஷாப்புக்குள் நுழைந்தாலும் நாற்றத்துக்கு மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளும் கோதண்டபாணி, இங்கே அதைத் தோளிலேயே விட்டிருந்தார்.

“கையெழுத்துப் போடுங்க சாப். பவர் ஹவுஸ்ல மிச்சமே இல்ல. உங்க முப்பத்தஞ்சு கெடச்சாத்தான் அதாவுல்லா சாப்புக்குக் குடுக்க முடியும்.”

“யாருக்கு?” சாயபுவின் முகம் மாறியது.

“அதாவுல்லா சாப்புக்கு. உங்க சம்பந்தி ஆகப்போறவருதானே?”

“அவருக்கா? ஒரு குதிரைகூட கெடையாது. போங்க!”

அடுத்த மாதம் சாயபுவின் மகள் வஹீதாவுக்கும் அதாவுல்லாவின் மகனுக்கும் நிக்காஹ். ஊரறிந்த விஷயம். மாப்பிள்ளை வீட்டார் மேலேயே இவ்வளவு பொறாமையா? காசு சேரச் சேர மனசு சுருங்கிப் போகும் போலிருக்கிறது என்று கோதண்டபாணிக்கு வெறுத்துப்போனது.

ஆனால் வெறுத்து என்ன செய்ய?

“சாப், கையெழுத்து இல்லாம ஆபீஸ் பக்கமே வராதேன்னு எஞ்சினீயர் சொல்லிட்டாரு. இன்னிக்குத்தான் கெடு. மூணு புள்ளைங்க சாப். என் வேலையே போய்டும்.”

சாயபு கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவருக்குப் பத்து வயசு கூடியிருந்தது.

“உக்காருங்க. உங்க பேஜாரு எனக்குப் புரியுது. எம் பேஜாரையும் கேளுங்க. இந்த முப்பத்தஞ்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதாவுல்லா கேப்பாரா, மாட்டாரா?”

“கேப்பாரு. சொல்லித்தான் ஆவணும்.”

“அவரும் தோல்காரரு. அவர் ஷாப்புலயும் இதே டிரம்மு ரெண்டு இருக்குது. என்னுது மட்டும் பதினஞ்சுலயே சுத்துதுன்னு தெரிஞ்சா, அப்பவே புரிஞ்சுக்குவாரு.”

“இன்னா சாப் புரிஞ்சுக்குவாரு?”

“உள்ளே ஒரு தோல்கூட இல்லைன்னு.”