ஒற்றுமைக்கு ஒரு விருந்தினர்

சிட்னித் தமிழரின் வரலாற்றையே புரட்டிப்போடவிருந்த அந்தக் கூட்டம், 1993இல் ஒரு ஞாயிறு மாலை வெஸ்ட்மீட்டில் கூடியது. தலைப்பு: ‘குர்து தேசிய இயக்கத்தின் வளர்ச்சி தரும் ஒற்றுமைப் பாடம்’.

“இண்டையோட எங்கட சனம் ஒண்டாயிடும், ராதா,” என்றார் சங்கத் தலைவர் மகாதேவன்.

“முதல்ல கதிரையள் நிரம்பட்டும்,” என்றாள் மனைவி, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி.

ஈராக்கிலிருந்து வந்த குர்துப் பேச்சாளர் ஷெர்சாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஐந்து மணிக்கு நான் கிளம்பவேண்டும். பக்கத்துத் தெருவிலும் ஒரு தமிழ்ச் சங்கம் இதே பேச்சுக்கு அழைத்திருக்கிறது.”

மகாதேவன் அவரது கையைப் பிடித்துக்கொண்டார். “அவங்கள் எங்களிட்ட இருந்து பிரிஞ்சு போன ஆக்கள்.”

“அதனாலென்ன? எங்கள் கட்சியும் 1946இல் தொடங்கி 1975இல் உடைந்ததுதான். இருபத்தொன்பது வருஷம் தாக்குப்பிடித்தோம். நீங்கள்?”

பதில் சொன்னது ராதாதான்.

“ஆறு வாரம்.”