மதுரைக்கு உகந்த மாதம்

மதுரையைப் பார்க்கச் சிறந்த காலம் தை மாதம்தான் என்று பயணச் செயலி முடிவு செய்திருந்தது. நம்முடைய திருப்தியில் அதற்கு அப்படியோர் அக்கறை. திருப்தி குறையும் என்று தெரிந்தால் டிக்கெட்டே தராது. ரயில், பஸ், வாடகைக் கார் எல்லாம் அதன் பேச்சைத்தான் கேட்டன.

சென்னையில் இருந்த நிலவரசி, போயும் போயும் சித்திரையில் டிக்கெட் கேட்டாள்.

“மன்னிக்கவும். மதுரையில் கடும் வெயில். கோயில் பிரகாரத்தில் கால் சுடும்,” என்றது செயலி இனிமையாக.

“நான் கோயிலுக்குப் போகல. எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காரு. தை வரைக்கும் தாங்க மாட்டாரு.”

செயலி தேடிப் பார்த்தது. “காண வேண்டிய இடங்களில் உங்கள் அப்பா இல்லை. கொடைக்கானல் போகிறீர்களா? இப்போது அருமையாக இருக்கும்.”

நிலவரசி திட்டினாள், பிறகு அழுதாள். “மனசு சரியில்லை போலிருக்கிறது. கடல் அலை ஓசை போடட்டுமா?” என்று அது பரிவோடு விசாரித்தது.

கடைசியில் அவள் தன்னைச் சரக்கு என்று பதிவு செய்துகொண்டாள். சரக்குக்குத் திருப்தி தேவையில்லை என்பதால் உடனே இடம் கிடைத்தது. லாரியில், பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே வெந்து வேர்த்து மதுரை வந்து சேர்ந்தாள்.

அப்பா மெல்லக் கண்ணைத் திறந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த வேகாத வெயில்ல எதுக்கு தாயி வந்த? தை மாசம் வரலாம்ல?”

சொன்னாரே தவிர, பிடித்த கையை அவர் விடவேயில்லை.