மாதிரி வகுப்பு

பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட வந்த மேற்பார்வையாளர் ஏறிய ஜீப்னி வண்டி தெருமுனை திரும்பியதும் கொராசோன் டீச்சர் மூன்றாம் வகுப்பின்மேல் பாய்ந்தார்.

"லிகாயா, எழுந்திரு! ஏழு எட்டு எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்லணும்? அஞ்சு நாளா தொண்டை வத்தச் சொல்லிக் கொடுத்தேனே!"

லிகாயா மெல்ல எழுந்து நின்றாள்.

"இவளால எல்லாமே நாறிப்போச்சு டீச்சர்," என்றான் குழுத் தலைவன் பென்ஹர். "சர்க்கரையில புரட்டின வாழைப்பழம் வாங்கித் தர்றேன்னீங்களே, அதுவும் போச்சா?"

"போச்சு! என் மதிப்பெண்ணும் போச்சு! ஏண்டி, ஐம்பத்துநாலுன்னு தப்பா சொல்றதுக்குத்தானே உன்னை நிறுத்தினேன்? பட்டுனு ஐம்பத்தாறுன்னு சரியா சொல்லிட்டா, மத்தவங்க கல்லை அடுக்கி எதைக் கண்டுபிடிப்பாங்க?"

"தினம் நான் தப்பா சொன்னதும் இவங்க அடுக்கி அடுக்கிக் காட்டினாங்க டீச்சர். புரிஞ்சு தொலைச்சிருச்சு."

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாளைக்கு மறுபடி வர்றாங்க. ஏழாம் வாய்ப்பாடு சுத்தமாத் தெரியாதவங்க யாரு? கையைத் தூக்குங்க!"

யாரும் அசையவில்லை. டீச்சர் கடைசி வரிசையைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார்.

அங்கேயும் ஒரு கைகூட உயரவில்லை.