ஒற்றைக் கையில் ராஜகிரி

"தம்பி, இத ஒரே கையில தட்டணும். அதுவும் இடது கையில. இன்னா வழி?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் முஆத், மருதேவி நீட்டிய சாதனத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது போனா, பூரிப் பலகையா?"

"உங்க மாமா வாங்கிக் குடுத்தது. என் பழைய போன்ல அவரு சின்னதா தெரியுறாராம்."

மாமா என்றால் மருதேவியின் கணவர் சாந்திநாதன். போன வருஷம் வரை நெல் வியாபாரி. இப்போது 'செஞ்சிக் கோட்டையின் குரல்'. பட்டம் கொடுத்தவரும் அவரே, வாங்கிக்கொண்டவரும் அவரே. தினமும் ஃபேஸ்புக் லைவில் கோட்டை வரலாறு பொழிகிறார்.

"நாளைக்கு ராஜகிரி மலை உச்சில லைவாம். நானும் கூட ஏறணுமாம். மாடிப் படியே ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. என் முட்டி என்னாவுறது?"

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"நான் சொல்லிக் கேக்குற ஆளா? கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல, நான் சொல்லி அவரு உடனே கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'சாப்பாடு ரெடி.'"

முஆத் சிரித்தான். "சரி, அதுக்கும் ஒரு கையால தட்டுறதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்? ஓ... புரிஞ்சிபோச்சி! படி செங்குத்தா இருக்குது. வலது கையால கம்பியப் புடிச்சிக்கணும்."

"எப்படியோ வச்சிக்க. நாளைக்கு வலது கை காலி கெடையாது."

முஆத் வேலையில் இறங்கினான். எழுத்துப் பலகையை இடது ஓரமாக ஒதுக்கினான். மேலே இருப்பதெல்லாம் கட்டைவிரலுக்கு எட்டும்படி திரையைப் பாதியாகக் கீழே இறக்கினான். போனின் முதுகில் ஒரு வளையத்தை ஒட்டி, அதில் அவள் நடுவிரலை மாட்டிவிட்டான்.

"சுண்டுவிரலை அடியில முட்டுக் குடுங்க. இப்போ தட்டுங்க."

தட்டினாள். அனந்தபுரத்துச் சம்பந்திக்கு வீடியோ கால் போனது. பதறிக் கட் செய்தாள். மறுபடி தட்டினாள். மகளிர் குழுவில் 'ஙஙஙங' என்று போய் விழுந்தது. "இன்னா ஆச்சி மருதேவி, மூச்சு வாங்குதா?" என்று ஒருத்தி விசாரித்திருந்தாள்.

"ஒண்ணும் அவசரமில்லக்கா, மெதுவா."

"அவசரம்தான்டா. ஒன்பது மணிக்கு ஏறுறோம்."

அரை மணி நேரத்தில் அவள் கட்டைவிரல், சுடுகல்லில் நடக்கிறவன் பாதம் மாதிரி எழுத்துக்கு எழுத்து துள்ளிப் பறந்தது. முஆத் கைதட்டினான்.

மறுநாள். கால்வாசி மலைகூட ஏறவில்லை. ஜிப்பா, ஜரிகைத் துண்டு, கூலிங்கிளாஸ் சகிதம் ஒரு பாறைமேல் கால் வைத்து நின்றார் சாந்திநாதன்.

"அன்பர்களே! உலகமே இன்று செஞ்சியைப் பார்க்கிறது!"

நேரலையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதோ, இன்னும் எழுநூறு படிகள்! உச்சியில் நின்று நான் முழங்குகையில்..."

மருதேவி இடது கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சட்டென்று சாந்திநாதன் பேச்சை நிறுத்தினார். எதிரே இருந்த போன் திரையை எட்டிப் பார்த்தார். கூலிங்கிளாஸைக் கழற்றினார். ஒரு தடவை வாய்க்குள்ளும், ஒரு தடவை உலகத்துக்குமாகப் படித்தார்:

"'ஐயா, இந்த வெயில் உங்கள் வெண்கலக் குரலைக் கெடுத்துவிடும். இங்கேயே முடித்துக்கொண்டு இறங்குங்கள். இது ரசிகையின் ஆணை. இப்படிக்கு, கோட்டைக்குயில்.'"

ஜரிகைத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா மருதேவி! ஆறு மாசமா ஒரு லைவ் விடாம பாக்குற மகராசி! முகம் தெரியாத ஒருத்திக்கு எம்மேல எவ்ளோ அக்கறை! நீயும் இருக்குறியே, ஒரு வார்த்த சொன்னியா? வா, எறங்கலாம். ரசிகர் வாக்க மீற முடியுமா?"

"அதெப்படி மீறுறது? வாங்க" என்ற மருதேவி, வலது கையில் அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்த அவருடைய போனை ஆடாமல் பார்த்துக்கொண்டு, முந்தானை மறைவில் தன் போனைத் தாங்கியிருந்த இடது கையின் கட்டைவிரலால் கோட்டைக்குயில் பெயரில் ஒரு இதயத்தையும் தட்டிவிட்டாள்.