காலி வண்டி

வண்டியின் இடது பின்மூலை மறுபடியும் இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது.

மெக்கானிக் ரசமட்டம், டேப்பைக்கூட எடுக்கவில்லை. மேஸ்திரி குமிழி வைத்த கட்டையால் பார்ப்பதை இந்த மெக்கானிக் வெறும் கண்ணால் பார்த்துவிடுவார். அதனால்தான் ஷெட்டில் அவருக்கு அந்தப் பெயர். வீட்டில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தச் சொகுசு எஸ்யூவி ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக வந்து நிற்கிறது.

அதில் சாதாரண ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்திலும் ஆயில் அழுத்தம்தான் வண்டியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். முதல் தடவை சீல் மாற்றினார். அடுத்த தடவை கேஸ் அடைத்த உருண்டையையே மாற்றினார். இன்றைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

வண்டிக்காரர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். வாங்குகிறவர் சாயங்காலம் பார்க்க வருகிறார். பிள்ளை காய்ச்சலில் போய் ஆறு மாதம். இந்த வண்டியை இனி கண்ணால் பார்க்க முடியாது என்று போன தடவையே, ஷெட் என்றும் பாராமல் அழுதார்.

விற்பதற்கு அவர் மனைவிதான் பிடிகொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்பாள். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். இன்றைக்கு ஒருவழியாகச் சம்மதித்து, தன் அண்ணனின் பழைய காரை ஓட்டிக்கொண்டு கணவருக்குப் பின்னாலேயே வந்திருந்தாள்.

அந்தப் பிள்ளையை ரசமட்டத்துக்கும் தெரியும். நாலு வயது வாண்டு. போன வருஷம் சர்வீஸுக்கு வந்தபோது, பின்சீட்டில் இடது ஓரமாகச் சட்டமாய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. ரசமட்டம் கெஞ்சினார், மிரட்டினார், பேரிங் குண்டு தருகிறேன் என்று ஆசை காட்டினார். ஊஹூம். அம்மா வந்து கூப்பிட்ட பிறகுதான் இறங்கினான்.

அவன் இறங்கித்தான் ஆகவேண்டும். உயரத்துக்குச் சைபர் வைக்கும்போது, அதாவது காலி வண்டியின் உயரம் இதுதான் என்று கம்ப்யூட்டரில் பதிய வைக்கும்போது, வண்டி காலியாக இருக்க வேண்டும், தண்ணீர் பாட்டில்கூடக் கூடாது. ஆள் இருக்கும்போது வைத்துத் தொலைத்தால், அந்த ஆளையும் சேர்த்துத்தான் காலி என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு அது.

இன்றைக்கு வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டினார்.

கோளாறு எதுவும் இல்லை என்றது. இடது பின்மூலையில் மட்டும் பாரம் அதிகம் என்றது.

காலி வண்டியில் என்ன பாரம்? மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். டிக்கியைத் துழாவினார். சீட்டுக்கு அடியில் கைவிட்டதில் பிஸ்கட் துணுக்கு ஒன்றுதான் அகப்பட்டது. விடாக்கண்டன் ஆயிற்றே, அதையும் எடுத்து வெளியே போட்டார்.

திரையில் எண் அசையவில்லை.

என்ன தோன்றியதோ, மூலையில் கிடந்த பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து வலதுபக்கச் சீட்டில் வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தது.

அது பதினாறு கிலோ பேட்டரி.

ஒரு நாலு வயது வாண்டின் எடை. பட்டப்பகலில், பத்துப் பேர் தட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் இதென்ன பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். பேட்டரியை இறக்கினார். சென்சார் பொய் சொல்கிறது, வேறொன்றுமில்லை. பொய் சொல்கிறவனை நம் வழிக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

பம்பை ஓட்டி அந்த மூலையை உயர்த்தினார். நான்கும் ஒரே மட்டத்துக்கு வந்த நொடியில் சைபர் வைத்தார்.

வண்டி நின்ற அழகைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இந்த மட்டில் தலைவலி விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

மனைவி வண்டியைச் சுற்றிவந்து இடது பின்கதவைத் திறந்தாள். குனிந்தாள். ரசமட்டம் பக்கத்தில் நின்றதால்தான் அவருக்குக் கேட்டது.

"இறங்குடா தங்கம். மாமா வண்டியில போலாம், வா."

ஒரு வாண்டு சீட்டிலிருந்து சறுக்கி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்தினாள்.

இடது பின்மூலை இரண்டு விரல்கடை எழும்பியது.

வண்டிக்காரர் போனில் வாங்குகிறவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் எதையும் பார்க்கவில்லை.

அவள் மெல்ல நடந்தாள், ஒரு கையைக் கொஞ்சம் தாழ விட்டபடி. அண்ணனின் காருக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். காத்திருந்தாள். சாத்தினாள்.

அது அரதப்பழசான ஸ்பிரிங் வண்டி. பம்பு கிடையாது, சென்சார் கிடையாது, பொய் சொல்ல அதில் ஒன்றுமே கிடையாது. அதன் பின்பக்கம் ஒரு நூல் அமுங்கியது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

வண்டிக்காரர் போனை வைத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

ரசமட்டம் சாவியைத் தரவில்லை. இருபது வருஷத்தில் தன் வேலையில் தப்பு என்று அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"அரைமணி நேரம் கொடுங்க சார். என் தப்புதான், மறுபடி சைபர் வைக்கணும்," என்றார். "வண்டி இப்பதான் காலியாச்சு."