பழைய காலண்டரைத் தொடுவது யார்?

"யாரது? மரியாதையா இப்பவே சொல்லிடுங்க!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள் தீமா. அம்மான் நகரத்து அலுவலகத்தின் அந்த மாடியில் இருந்த பதினோரு பேரும், ஏலக்காய்க் காபியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அவளைப் பார்த்தார்கள்.

கம்பெனி செய்யும் எல்லா மென்பொருளுக்கும் பட்டன், பட்டியல், காலண்டர் என்று திரையில் வைக்கிற பாகங்களைச் செய்து கொடுப்பது தீமாவின் வேலை. தேதி தேர்ந்தெடுக்கும் பழைய காலண்டருக்கு ஓய்வு கொடுத்துப் புதியதைக் கொண்டுவந்து இரண்டு வருஷமாகிவிட்டது. பழையதைத் தொடாதீர்கள் என்று மஞ்சள் எழுத்தில் எச்சரித்தாள், மின்னஞ்சல் அனுப்பினாள், காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஆனாலும் யாரோ ஒரு புண்ணியவான் விடாமல் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தான்.

"ஆளைப் பிடி. அன்னைக்கே உனக்கு லீவு" என்று சொல்லிவிட்டார் மேனேஜர் அபூ யஸான். அதனால் அவளுடைய தேனிலவு இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

"இந்தத் தடவையும் நான் வரலேன்னா, தன் அம்மாவைக் கூட்டிக்கிட்டு அகபா கடற்கரைக்குப் போயிடுவேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டார்" என்றாள், அழாத குறையாக.

"ஆள் யாருன்னே தெரியலையா?" என்றான் பக்கத்து மேஜை நிதால்.

"எத்தனை தடவைன்னு மட்டும்தான் தெரியுது. இந்த மாடியிலேர்ந்துதான் வருது. பலே கைகாரன்! வெள்ளி, சனி லீவு நாள்ல தொடமாட்டான். நான் பல் பிடுங்கப் போன அன்னைக்கு அவனும் லீவு. நேத்து நான் கத்தினதுக்கு, வேணும்னே ஒன்பது தடவை!"

"உன்மேல ஏதோ பகை போல."

"எங்க மாமியார்தான் ஆள் வெச்சிருக்காங்க!"

சத்தம் கேட்டு அபூ யஸான் அறையிலிருந்து வெளியே வந்தார். தீமா விடவில்லை.

"எல்லாரும் கையைத் தூக்குங்க. ஒருத்தரும் எதையும் தொடக் கூடாது!"

இருபத்திரண்டு கைகள் மேலே போயின. பழைய காலண்டரை எத்தனை தடவை தொட்டார்கள் என்று காட்டும் தன் கணக்குப் பக்கத்தைத் தீமா திறந்தாள்.

"இப்ப நாலு. மறுபடி பார்க்கிறேன்." அந்தப் பக்கத்தில் இன்றைய தேதியைத் தட்டினாள். "ஐயோ, அஞ்சு!"

நிதால் தூக்கிய கையோடு 'பிஸ்மில்லா' என்று கடவுளைக் கூப்பிட்டான்.

மறுபடி தேதியைத் தட்டினாள். ஆறு.

"பேயா இருக்குமோ?" என்றாள் தீமா.

அபூ யஸான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கணக்குப் பக்கத்தை யாரும்மா செஞ்சது?"

"நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி. ஏன் கேக்கறீங்க?"

"ஆள் அகப்பட்டாச்சு. நீ அகபாவுக்குக் கிளம்பு" என்றார் அவர். "கணக்கு பார்க்க நீ தினமும் தேதியைத் தட்டுறியே, அதுதாம்மா அந்தப் பழைய காலண்டர்."

பன்னிரண்டாவது ஜோடியாகத் தீமாவின் கைகள் மெதுவாக மேலே போயின.